சுவத்து அக்கா

— தாடையை எறக்கு. இன்னும் கொஞ்சம்... ம், போதும். இப்ப நேரா என்னைப் பாரு.

— பாக்குறேன்ல.

— எங்க பாக்குற? கண்ணு என்னைப் பாக்குது, மூக்கு கதவைப் பாக்குது. ஸ்கூல் கார்டுக்கு நேரா இருக்கணும் சிட்டு. பாதி மூஞ்சிய குடுத்தா பாதி ஸ்கூலுக்குத்தான் உள்ள விடுவாங்க.

— மொக்கைப்பா.

— மொக்கைக்கும் ஒரு சிரிப்பு சிரிச்சா குறைஞ்சா போயிடுவ? பாரு, கழுத்து தானா இடது பக்கம் திரும்புது. யாரு கத்துக் குடுத்தா இதை?

— யாரோ.

— லைட்டு கண்ணு கூசுதா? லைட்டுக் குடைய வேணா கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

— வேணாம். சீக்கிரம் எடுங்க.

— எடுத்துடுவோம். பதிமூணு வருஷமா உன்னைப் பெத்து வளத்தவனுக்கு ரெண்டு நிமிஷம் உக்கார மாட்டியா... உன் போனைப் பாரு, துடிச்சுத் துடிச்சு மேசை ஓரத்துக்கே வந்துடுச்சு. விழப் போகுது. எடுத்து என்னன்னு பாரு.

— ஒண்ணுமில்ல. கிளாஸ் குரூப்பு.

— சனிக்கிழமை கூடவா?

— கவுத்து வைங்கப்பா, ப்ளீஸ்.

— சரி சரி. கவுத்தாச்சு. இங்க பாரு... ஒண்ணு... கண்ண சிமிட்டிட்ட. இன்னொண்ணு... ஆங். வந்துடுச்சு. எறங்கு. பாத்து, கீழ வயரு.

— பெருசு பண்ணிக் காட்டுங்க.

— இரு, கம்ப்யூட்டர்ல ஏறட்டும்... கண்ணு நல்லா வந்திருக்கு. அப்படியே உங்கம்மா கண்ணு. காதுக்கு மேல ஒரு முடி பறக்குது, அதை எடுத்துடுவோம். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கு. அப்புறம் இதை... அவ்ளோதான். முடிஞ்சுது. எப்படி? என்ன, பிடிக்கலையா?

— பதினோரு செகண்டு.

— என்னது?

— என் கன்னத்து மச்சத்த அழிக்க நீங்க எடுத்துக்கிட்ட நேரம். எண்ணிக்கிட்டு இருந்தேன்.

— ...அதையா எண்ணின?

— பறக்குற முடிக்குக்கூட அதைவிட ரொம்ப நேரம் ஆச்சு.

— கை பழக்கம்டா. இதையே தான் நாள் பூரா பண்றேன். யாரு வந்தாலும் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழ கருப்பு... கை பாட்டுக்குப் போகுது.

— தெரியும்.

— வேணாம்னு நீ சொல்லியிருந்தா விட்டிருப்பேன்.

— அழிங்கன்னு சொன்னேனா?

— ...இல்ல.

— நான் வாயே தொறக்கலப்பா. நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்துக்கிட்டு சும்மா நின்னேன்.

— சிட்டு...

— சரி விடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்.

— இரு, எங்க கெளம்பற? உக்காரு, பேசுவோம்...

— தம்பி, கடை தொறந்திருக்கா?

— வாங்கண்ணே. தொறந்த கதவு வழியா தானே வந்தீங்க.

— ஒரு மரியாதைக்குக் கேட்டேன். அட, பாப்பாவும் இருக்கா. தம்பி, உங்க பொண்ணு தெனம் என் பஸ்ல தான் ஸ்கூலுக்குப் போவா. தெரியும்ல?

— தெரியும்ணே. டிரைவர் மாமா டிரைவர் மாமான்னு வீட்ல உங்க பேச்சு தான்.

— ஜன்னலோரம் உக்காந்து விசில் அடிச்சுக்கிட்டே வரும். என்னா சுத்தமா அடிக்கும் தெரியுமா... பாட்டு கெட்டுடக் கூடாதேன்னு நான் ஹார்ன் கூட பாத்துப் பாத்து தான் அடிப்பேன். இப்ப கொஞ்ச நாளா சத்தத்தையே காணோமே, ஏன் பாப்பா?

— பரீட்சை மாமா.

— பரீட்சைக்குப் பேனா தானே வேணும், வாயி எதுக்கு? சரி, தம்பி, எனக்கு லைசென்ஸுக்கு ஒரு போட்டோ வேணும்.

— போன மாசம் தானே அண்ணே எடுத்துக் குடுத்தேன்?

— குடுத்தீங்க. முன் மண்டைல முடி வச்சுக் குடுத்தீங்க.

— நீங்க தானே கேட்டீங்க. 'லேசா நாத்து நட்டு விடுங்க தம்பி'ன்னு.

— கேட்டேன். ஆசை யாரை விட்டுது. லைசென்ஸ் ஆபீஸ் கவுண்டர்ல இருந்த அம்மா போட்டோவைப் பாக்குறாங்க, என்னைப் பாக்குறாங்க, மறுபடி போட்டோவைப் பாக்குறாங்க. 'இவரைக் கூட்டிட்டு வாங்க'ங்கறாங்க. நான் தான்மா இவருன்னா நம்ப மாட்டேங்குறாங்க. பின்னாடி வரிசைல இருபது பேரு. அத்தனை பேரும் சிரிக்கறான். இருபத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவன், நான் தான் நான்னு காட்ட வழியில்லாம திரும்பி வந்தேன்.

— மன்னிச்சுக்கங்கண்ணே. நானாவது எடுத்துச் சொல்லியிருக்கணும்.

— உங்களைச் சொல்லி என்ன. இந்தத் தடவ வழுக்கையோடயே எடுங்க. ரொம்பப் பளபளன்னு மட்டும் இல்லாம பாத்துக்கங்க, போதும்.

— உக்காருங்க, இப்பவே எடுத்துடலாம்.

— இப்ப டிரிப்பு இருக்கு. சாயங்காலம் வரேன். பாப்பா, பரீட்சை முடிஞ்சதும் விசில் வேணும். இல்லன்னா உன் ஸ்டாப்புல நிறுத்த மாட்டேன், நேரா டிப்போ தான்.

— சரி மாமா.

— ...போயிட்டாரு. சிரிச்சல்ல? பாத்தேன்.

— 'இவரைக் கூட்டிட்டு வாங்க'... பாவம்பா.

— பாவம் தான். அப்பாடா, இன்னைக்கு உன் பல்லு தெரிஞ்சுது.

— நம்ம வீட்லயும் அப்படி ஒருத்தி இருக்காப்பா. கூட்டிட்டு வர முடியாதவ.

— யாரு?

— சுவத்து அக்கா.

— சுவத்து அக்காவா?

— வாண்டு வச்ச பேரு. கூடத்துல பெரிய போட்டோவுல இருக்கறவ சுவத்து அக்கா. நான் வெறும் அக்கா.

— அஞ்சு வயசுல உன் தங்கச்சிக்கு வாயைப் பாரு.

— சிரிக்காதீங்க. ஸ்கூல்ல 'என் குடும்பம்'னு படம் வரையச் சொன்னாங்க. அஞ்சு பேரை வரைஞ்சிருக்கா. நீங்க, அம்மா, அவ, நான். எனக்குக் கன்னத்துல ஒரு பிரவுன் வட்டம். பக்கத்துல வட்டம் இல்லாம இன்னொரு அக்கா, சுத்தி சட்டம் போட்டு. அவங்க டீச்சர் அம்மாவைத் தனியா கூப்பிட்டு மெதுவா கேட்டிருக்காங்க. 'மூத்த பொண்ணு... தவறிட்டாங்களா'ன்னு.

— ...அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே.

— சிரிச்சுக்கிட்டே தான் வீட்டுக்கு வந்தாங்க. அப்புறம் பாத்திரம் கழுவுற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுது.

— சின்னக் கொழந்த. அதுக்கு என்ன தெரியும்.

— அவளுக்கு எல்லாம் தெரியும். 'சுவத்து அக்கா எப்ப வீட்டுக்கு வருவா'ன்னு கேட்டா. வர மாட்டான்னேன். 'ஏன், நம்ம மேல கோவமா'ன்னா.

— நீ என்ன சொன்ன?

— 'அப்பாவைக் கேளு. அவருக்குத் தான் அவளைத் தெரியும்'னேன். கோவத்துல சொல்லிட்டேன்.

— இல்ல, சரியா தான் சொல்லியிருக்க... மறுபடி போன் துடிக்குது பாரு.

— துடிக்கட்டும்.

— சிட்டு, விசில் ஏன் அடிக்கறதில்ல?

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. பல்லு தேய்க்கும்போது கூட ஊதி ஊதி கண்ணாடி பூரா நுரைய தெறிக்க விடுவ. ரெண்டு மாசமா கண்ணாடி சுத்தமா இருக்கு. தெனம் காலைல அதைப் பாத்துட்டு தான் கடைக்குக் கெளம்பறேன்.

— நீங்க அதைக் கவனிச்சீங்களா?

— கவனிக்காம இருப்பேனா?

— கேக்கவே இல்லையே.

— கேட்டா எரிஞ்சு விழுவியோன்னு...

— விழுந்திருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

— இப்ப கேக்குறேன்.

— ...ஃபில்டர் நழுவுதுப்பா.

— புரியல.

— விசில் வீடியோ போடுவேன்ல. மூஞ்சிய வழவழன்னு ஆக்குற ஃபில்டர் வச்சு தான் போடுவேன். மச்சம் தெரியாது. பேசினா ஒண்ணும் ஆகாது, சிரிச்சாலும் ஒண்ணும் ஆகாது. உதட்டைக் குவிச்சு ஊதினா மட்டும் இது மூஞ்சின்னே அதுக்குத் தெரியாம போயிடுது. ஒரு நொடி விட்டுடும். மச்சம் தெரியும், மறையும். மறுபடி தெரியும்.

— அடக் கடவுளே.

— ஒருத்தன் அந்த நொடிய அப்படியே நிறுத்தி, வட்டம் போட்டு, 'இது என்ன'ன்னு போட்டுட்டான். அதுக்கப்புறம் யாரும் பாட்டையே கேக்கலப்பா. எங்கெங்க தெரியுதுன்னு தேடறது தான் வேலை. 'மூணாவது வரில ரெண்டு தடவ'ன்னு ஒருத்தி எழுதினா. கணக்கெடுக்கறா.

— யாரது? நம்ம ஊரா? உன் கிளாஸா?

— தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க? கிளாஸ்ல யாருக்கும் அது ஒரு விஷயமே இல்ல. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து பாக்குறாங்க. போன்ல மட்டும் தான் அது அவ்ளோ பெருசு.

— அப்ப அந்தப் போனைத் தூக்கி ஓரமா போடு.

— எல்லாரும் அதையே சொல்லுங்க. அந்தப் போன்ல தான் ஒரு அக்கா, ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்க, 'நைட் டியூட்டி முடிச்சு வரும்போது உன் விசில கேட்டுக்கிட்டே தான் நடப்பேன்'னு எழுதினாங்க. அவங்களையும் சேத்துத் தூக்கிப் போடணுமா?

— ...இல்ல. எனக்குத் தெரியாது, சொல்லிட்டேன்.

— எல்லா வீடியோவையும் தூக்கிட்டேன். ஊதறதையும் விட்டுட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு கண்ணாடில பாத்தா, ஃபில்டர் போட மறந்துட்ட மாதிரி இருக்குப்பா என் மூஞ்சி.

— அப்படிச் சொல்லாத. அது இல்லாமலே ஊதிப் போட்டிருக்கலாம்ல, உனக்கு என்ன கொறைச்சல்...

— யாரு சொல்றது? நீங்களா? சொல்லுங்க. நீங்களா சொல்றீங்க?

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு சொல்ல வந்தேன்.

— உங்ககிட்ட என்னன்னு வந்து சொல்றது? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஆன்லைன்ல நம்ம கடைப் பக்கத்துல ஒரு போட்டோ போடறீங்க. ஒண்ணுல கூட மச்சம் கெடையாது. கேமராவுக்கு மச்சம் தெரியாது போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நிஜமா. கண்ணாடிக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. ஒம்போது வயசு வரைக்கும்.

— நெனச்சேன்னு சொல்லவே இல்லையே நீ...

— அப்புறம் ஃப்ரெண்டு வீட்ல அவங்கம்மா எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தாங்க. அதுல இருந்துது. நல்லா பளிச்சுன்னு. அன்னைக்குத் தான் புரிஞ்சுது, கேமராவுக்கு நல்லாவே தெரியும்னு. அப்பாவுக்குத் தான் பாக்கப் பிடிக்கலன்னு.

— ஐயோ... அப்படி இல்லடா.

— அப்ப எப்படி?

— கொஞ்சம் தண்ணி எடு.

— பேச்ச...

— மாத்தலம்மா. குடிச்சுட்டு சொல்றேன்.

— இந்தாங்க. மெதுவா குடிங்க.

— ...உனக்கு ஒரு வயசு. இதே ஸ்டூலு. உன்னால தனியா உக்கார முடியல. உங்கம்மா பின்னாடி துணிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு உன் இடுப்பப் பிடிச்சுக்கிட்டா. நீ என் சாவிக்கொத்தப் பாத்து சிரிக்கிற. அந்தப் போட்டோவ அப்படியே தான் கடைப் பக்கத்துல போட்டேன்.

— மச்சத்தோடயா?

— மச்சத்தோட. கடையும் புதுசு, பக்கமும் புதுசு, நானும் புது அப்பன். அவ்வளவு பெருமை எனக்கு. ரெண்டு மணி நேரம் இருந்துது. அப்புறம் ஒரு அம்மா, முன்ன பின்ன தெரியாது, கீழ எழுதினாங்க.

— என்னன்னு?

— வேணாம்டா.

— அப்பா.

— ...'பாவம், பொம்பளப் பிள்ளையா போச்சே'ன்னு.

— அவ்ளோ தானா?

— உனக்கு இன்னைக்கு அவ்ளோ தான்னு இருக்கு. எனக்கு அன்னைக்கு அது அவ்ளோ பெருசா இருந்துது. நறுக்குன்னு நாலு வார்த்தை எழுதணும்னு உக்காந்தேன், வரல. எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணு தான். போட்டோவ எறக்கினேன், மச்சத்த அழிச்சேன், திரும்ப ஏத்தினேன். அழகு அழகுன்னு அம்பது பேரு எழுதினாங்க. ஒருத்தர் வாயில இருந்தும் உன் மேல ஒரு சொல்லு விழக் கூடாதுன்னு தான்... அடுத்த வருஷமும் அதையே பண்ணினேன். அப்புறம் யோசிக்கறதே நின்னு போச்சு.

— அந்த அம்மா எழுதினதை அழிச்சிருக்கலாமே.

— அதையும் அழிச்சேன்.

— அதை மட்டும்.

— ...ஆமா. அதை மட்டும் அழிச்சிருக்கணும்.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— மூணு நாள் என்கூடப் பேசல. 'பிள்ளை வளந்து கேக்கும், அன்னைக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க'ன்னா. பன்னண்டு வருஷமா அந்தப் பதிலைத் தேடிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கும் ஒழுங்கா வரல.

— வந்துது. கொஞ்சம் சுத்தி வந்துது.

— உனக்கு ஒண்ணு காட்டறேன் இரு. இந்த டிராயர்ல ஒரு டிஸ்க்கு...

— நீலக் கலரு.

— உனக்கு எப்படித் தெரியும்?

— போன வாரம் பிராஜெக்ட்டுக்குப் பிரிண்ட் எடுக்க வந்தப்ப சொருகிப் பாத்தேன். உள்ள 'சிட்டு'ன்னு ஒரு ஃபோல்டர். எல்லாத்துலயும் மச்சம் இருந்துது.

— திருட்டுக் கழுத... அத்தனையும் பாத்துட்டியா?

— நாலு வயசுல மூஞ்சி பூரா சாக்லேட் அப்பிக்கிட்டு இருக்கேன். எது மச்சம், எது சாக்லேட்னே தெரியல.

— எனக்கு ரொம்பப் பிடிச்சதே அது தான். கடையில யாரும் இல்லன்னா அதைத் தான் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

— அப்ப அதை ஏன் கூடத்துல மாட்டல?

— பயம்டா. உனக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத் தான் பயம்.

— ...வாண்டுவ போன வாரம் போட்டோ எடுத்தீங்களே, ஸ்கூலுக்கு?

— எங்க எடுக்க விட்டா? கன்னத்துல கைய வச்சவ எடுக்கவே மாட்டேன்னுட்டா. கொஞ்சிப் பாத்தேன், அதட்டிப் பாத்தேன். சரி, ஏதோ விளையாட்டுன்னு விட்டுட்டேன்.

— எந்தக் கன்னம்?

— இடது.

— அவளுக்குத் தான் அங்க ஒண்ணுமே இல்லையே. நான் கேமராவைப் பாத்தாலே கைய வைப்பேன்ல. பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டா. போட்டோன்னா கன்னத்த மூடிக்கணும்னு நெனச்சுக்கிட்டு இருக்காப்பா அவ.

— அவளுமா...

— எனக்கு அது தான் தாங்கல. என்னை யாரு என்ன எழுதினாலும் ரூமுக்குள்ள போய் அழுதுட்டு வந்துடுவேன். அவ எதுக்கு மூடணும்?

— ...தள்ளு. அந்த மவுஸக் குடு.

— என்ன பண்றீங்க?

— திரும்பக் கொண்டு வரேன். ஒரு தட்டு தான்... இதோ. வந்துடுச்சு பாரு. எத்தனை செகண்டு?

— எண்ணல.

— பறக்குற முடி வேணுமா, வேணாமா?

— அதுவும் இருக்கட்டும்.

— காலரு?

— அதை மட்டும் சரி பண்ணுங்க. டீச்சர் திட்டுவாங்க.

— இது தான் கார்டுக்கு. கூடத்துக்கும் இதையே பெருசா போட்டு மாட்டிடுவோம். அந்தப் பழசை இன்னைக்கே எறக்கிடறேன்.

— வாண்டு விட மாட்டா. சுவத்து அக்கா எங்கன்னு ஊரைக் கூட்டுவா.

— வீட்டுக்கு வந்துட்டான்னு சொல்லுவோம்... என்னடா, அழறியா, சிரிக்கிறியா?

— ரெண்டும் தான். போட்டோ எடுத்துடாதீங்க.

— எடுக்கல. மூக்க தொடை, இந்தா... கடைப் பக்கத்துலயும் போடலாம்னு இருக்கேன். நீ சரின்னா மட்டும். யாராவது எதையாவது எழுதினா இந்தத் தடவ போட்டோவுல கை வைக்க மாட்டேன். பதில் எழுதணும்னா எழுதுவோம், வேணாம்னா விட்டுடுவோம். எதுவா இருந்தாலும் நீ தனியா உக்காந்து படிக்க வேணாம். ரெண்டு பேரும் சேந்து படிப்போம்.

— நிஜமாவா?

— நிஜமா. எப்பக் கூப்பிட்டாலும் வரேன்.

— இப்ப?

— இப்ப என்னத்தைப் படிக்கறது, இன்னும் போடவே இல்லையே... மொதல்ல அந்தப் போனை எடு. வந்ததுல இருந்து துடிச்சுக்கிட்டே இருக்கு. உங்க கிளாஸ் குரூப்புல அப்படி என்ன தான் பேசிக்கிறாங்க?

— அது கிளாஸ் குரூப்பு இல்லப்பா. காலைல நீங்க கடைக்கு வந்தப்புறம் மொட்டை மாடில நின்னு ஒரு பாட்டு முழுசா ஊதினேன். ஃபில்டர் இல்லாம. போட்டுட்டேன். எழுபது எண்பது பேரு என்னென்னமோ எழுதியிருக்காங்க, நான் ஒண்ணு கூடத் தொறந்து பாக்கல. கார்டு போட்டோ அடுத்த மாசம் குடுத்தா போதும்... தனியா படிக்கப் பயமா இருந்துது. உங்ககூட உக்காந்து படிக்கலாம்னு தான் வந்தேன்.